மூவாயிரம் டன்னும் ஒரு மிதவையும்

சர்தார் படேல் சாலையில் பேருந்தில் போகும்போது ஐ.ஐ.டி.யின் நீண்ட மதில் கூடவே வரும். உள்ளே ஆலமரங்கள், புள்ளிமான்கள். கடல் அங்கிருந்து கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் கடலில் நிற்க வேண்டிய இரண்டு இயந்திரங்கள் அந்த மதிலுக்குள்தான் வரைபடமாக உருவாயின. ஒன்று கேரளத்தின் விழிஞத்தில் 1990இல் கடலடியில் இறக்கி உட்கார வைத்த கான்கிரீட் பெட்டி. எடை ஏறத்தாழ 3,000 டன், மின் திறன் 150 கிலோவாட். மற்றது 2022 நவம்பரில் தூத்துக்குடிக்கு அப்பால் மிதக்கவிட்ட 'சிந்துஜா–1'. அது தந்தது 100 வாட்.

முப்பது ஆண்டு ஆராய்ச்சிக்குப் பிறகு 150 கிலோவாட் என்பது 100 வாட் ஆகிவிட்டதா என்று கேட்கத் தோன்றும். அலையின் இயல்பைத் தெரிந்துகொண்டு பார்த்தால், அந்த 100 வாட் ஒரு தெளிவின் அடையாளம் என்பது என் கட்சி. இந்த இரண்டில் எதுவும் சென்னைக் கடலில் இறங்கவில்லை. பெசன்ட் நகர் கடற்கரை ஐ.ஐ.டி. வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்க, ஒரு குழு நாட்டின் மறுகரைக்கும் இன்னொரு குழு தூத்துக்குடிக்கும் ஏன் போனது? அதற்கான விடையும் அலைக்குள்தான் இருக்கிறது.

ஒரு நாள் விடியற்காலையில் எலியட்ஸ் கடற்கரையில், ஷ்மிட் நினைவுச் சின்னத்துக்கு நேரே கடலோரம் நின்று, கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள். ஒரு அலை உடைவதற்கும் அடுத்தது உடைவதற்கும் இடையில் எத்தனை நொடி? நான் எண்ணிய நாட்களில் பெரும்பாலும் ஏழு, எட்டு, ஒன்பது என்றுதான் வந்தது. இந்த எண்ணுக்கு அலைக்காலம் என்று பெயர். ஆழ்கடலில் ஒரு அலையின் குணம் முழுவதையும் இந்த ஒற்றை எண்ணிலிருந்து சொல்லிவிடலாம். எட்டு நொடி அலை என்றால், ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை ஏறக்குறைய 100 மீட்டர் நீளம். வேகம் நொடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர். சென்னை மாநகரப் பேருந்து அந்த வேகத்தில் போனால் நல்ல நாள்.

வேகமாக வருவது அலையின் வடிவம் மட்டும். தண்ணீர் அப்படியே ஓடி வருவதில்லை. அலை உடையும் இடத்துக்கு அப்பால் ஒரு தேங்காய் மிதந்தால் இது புரியும். முகடு வரும்போது தேங்காய் ஏறி முன்னே வரும், அகடு வரும்போது இறங்கிப் பின்னே போகும். ஒரு வட்டம் போட்டுவிட்டு ஏறத்தாழ பழைய இடத்துக்கே திரும்பும். ஆழ்கடல் அலையில் நீர் இப்படி வட்டமடிக்கிறது என்று 1802இலேயே பிராகாவில் கெர்ஸ்ட்னர் கணக்கு எழுதினார். மேற்பரப்பில் பெரிதாக இருக்கும் வட்டம் கீழே போகப் போகச் சுருங்கும். அலைநீளத்தில் பாதி ஆழத்துக்குப் போனால், மேலே இருக்கும் அசைவில் இருபதில் ஒரு பங்குகூட அங்கே இருக்காது. ஆகவே எட்டு நொடி அலைக்கு 50 மீட்டருக்குக் கீழே கடல் அமைதி. ஆற்றல் முழுவதும் மேல்தட்டில்தான். இயந்திரமும் அங்கேதான் நின்றாக வேண்டும். புயலும் அங்கேதான் அடிக்கும்.

எவ்வளவு ஆற்றல்? இதற்கு மனக்கணக்குக்கு ஏற்ற ஒரு வழி உண்டு. அலையின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, அலைக்காலத்தால் பெருக்கி, பாதியாக்கினால், ஒவ்வொரு மீட்டர் அலைமுகத்திலும் வரும் ஆற்றல் ஏறத்தாழ இத்தனை கிலோவாட் என்று கிடைக்கும். ஒரு மீட்டர் உயரம், எட்டு நொடி என்றால் 4 கிலோவாட். இரண்டு மீட்டர் உயரம், பத்து நொடி என்றால் 20 கிலோவாட். உயரம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகிவிடும். இந்தப் பெருக்கம்தான் அலை மின்சாரத்தின் ஆசை, அதன் ஆபத்தும் இதுவே.

அலை காற்றின் குழந்தை. காற்று எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் தடையில்லாமல் கடல்மேல் ஓடுகிறதோ, அவ்வளவுக்கு அலை வளரும்; நீண்ட அலைக்காலமும் வரும். கேரளக் கரைக்கு முன்னே அரபிக்கடலும் தெற்கே இந்தியப் பெருங்கடலும் திறந்து கிடக்கின்றன. தென்பெருங்கடல் புயல்களில் பிறந்த நெடிய அலைகள் பல நாள் பயணம் செய்து அங்கே கரையேறுகின்றன. காற்றே இல்லாத நாளில் திடீரென்று கடல் ஏறி வருவதைத்தான் அந்தக் கரை மக்கள் கள்ளக்கடல் என்கிறார்கள். சென்னையின் நிலை வேறு. தென்மேற்கிலிருந்து வரும் அலைகளுக்கு இலங்கையும் தீபகற்பமும் குறுக்கே நிற்கின்றன. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில்தான் நம் கடல் கணிசமாக எழும்புகிறது. விழிஞத்தில் ஆண்டுச் சராசரி மீட்டருக்கு 13 கிலோவாட் என்றும், தென்மேற்குப் பருவத்தில் 20 வரை போகும் என்றும் அளந்தார்கள். இந்தியக் கரைகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படுவது 5 முதல் 10 வரை; வட அட்லாண்டிக் கரைகளில் 40க்கு மேல். 1980களின் தொடக்கத்தில் ஐ.ஐ.டி.யின் அலை ஆற்றல் குழு அன்றைய பெருங்கடல் மேம்பாட்டுத் துறையின் ஆதரவோடு வேலையில் இறங்கியபோது, சோதனை நிலையத்துக்கு விழிஞத்தைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை. அங்கே மீன்பிடித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரும் தயாராக இருந்தது.

விழிஞம் இயந்திரம் எப்படி வேலை செய்தது என்பதைச் சமையலறையிலேயே பார்க்கலாம். அடியில் சிறிய துளை உள்ள ஒரு பழைய டம்ளரைக் கவிழ்த்து, வாளித் தண்ணீரில் மேலும் கீழும் அசையுங்கள். உள்ளே நீர் ஏறும்போது துளை வழியாகக் காற்று வெளியே சீறும். இறங்கும்போது உள்ளே இழுபடும். டம்ளரை அசைப்பதற்குப் பதில் தண்ணீரே அசைந்தால் அதுதான் விழிஞம். கடலடியில் உட்கார்ந்த கான்கிரீட் அறை, கடல் நுழைய முன்பக்கத்தில் ஒரு வாய், மேலே குறுகிச் செல்லும் காற்றுவழி, அதன் கழுத்தில் 2 மீட்டர் விட்டமுள்ள ஒரு டர்பைன்.

ஏன் காற்றைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்கள்? இந்தக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் அலை மின்சாரத்தின் முழுத் தலைவலியும் இதில் அடங்கியிருக்கிறது. எட்டு நொடிக்கு ஒரு முறை வரும் அலை நிமிடத்துக்கு ஏழரை முறை அசைகிறது. ஜெனரேட்டருக்கோ நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று, ஆயிரத்து ஐந்நூறு சுற்று வேண்டும். கடல் தருவது மெதுவான, பிரம்மாண்டமான தள்ளு. நமக்கு வேண்டியது விரைவான சுழற்சி. பல்சக்கரங்களால் இதைச் சாதிக்கப் போனால், அந்தத் தள்ளு பற்களை உடைத்துவிடும். காற்றைக் குறுகிய வழியில் பிழிந்தால் அதுவே வேகமெடுக்கும். இரும்பை இரும்பு முட்ட வேண்டியதில்லை.

காற்று ஒரு முறை வெளியே, ஒரு முறை உள்ளே என்று திசை மாறும். அதற்கும் வழி இருந்தது. பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆலன் வெல்ஸ் 1970களின் இறுதியில் வடிவமைத்த டர்பைனின் இறக்கைகள் இரு பக்கமும் ஒரே வடிவம். மூச்சு உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் அது ஒரே திசையில்தான் சுற்றும். விழிஞத்தில் பொருத்தியது வெல்ஸ் டர்பைன்தான். 1991இல் மின்சாரம் வந்தது.

அந்த டர்பைனுக்கு ஒரு பலவீனம் இருந்தது. தானாகச் சுழலத் தொடங்காது. காற்று மிக வேகமாக வந்தால் இறக்கைகள் பிடி இழந்துவிடும். மின்கட்டத்தோடு இணைந்த ஜெனரேட்டர் என்பதால், அலை தணிந்த நேரங்களில் அதே ஜெனரேட்டர் மோட்டாராக மாறி, கட்டத்திலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டு சுழலும். 150 கிலோவாட் என்பது உச்ச எண். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சராசரி 75, டிசம்பர் முதல் மார்ச் வரை 25 என்பதுதான் வடிவமைப்பின்போதே போட்ட கணக்கு. பின்னர் டர்பைன்களை மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். காற்றுத்திசைக்கு ஏற்பத் திரும்பும் வழிகாட்டித் தகடுகள் கொண்ட இன்னொரு வகையும் அங்கே சோதனைக்கு வந்தது. ஐ.ஐ.டி.யில் இந்தப் பணியில் முன்னின்ற பேராசிரியர் எம். ரவீந்திரன், 1993இல் தொடங்கிய தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்குத் தலைமையேற்றார். விழிஞமும் அந்த நிறுவனத்தின் கைக்குப் போனது. பள்ளிக்கரணையில் சதுப்பு நிலத்தை ஒட்டி இன்று இருக்கும் அதே நிறுவனம்தான். 2004இல் அவர்கள் விழிஞத்தில் செய்த காரியத்தை நான் முக்கியமானதாக நினைக்கிறேன். அலை மின்சாரத்தை வைத்து நாளுக்கு 10,000 லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஒரு சிறு நிலையத்தை ஓட்டிக் காட்டினார்கள். ஏறி இறங்கும் மின்சாரத்தைக் கட்டத்தில் கொட்டுவதைவிட, தேக்கி வைக்கக்கூடிய ஒரு பொருளாக மாற்றுவது அந்த ஆற்றலின் சுபாவத்துக்கு ஒத்துப்போகிறது.

ஏறத்தாழ இருபது ஆண்டு ஆய்வுக்குப் பின் அந்த நிலையம் ஓய்ந்தது.

சிந்துஜா வேறு வழியில் யோசித்தது. பேராசிரியர் அப்துஸ் சமது தலைமையில் ஐ.ஐ.டி. குழு உருவாக்கிய அந்த அமைப்பு தூத்துக்குடிக் கரையிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் தள்ளி, 20 மீட்டர் ஆழக் கடலில் இறங்கியது. நடுவில் துளையுள்ள ஒரு மிதவை. துளை வழியே ஒரு நீண்ட தண்டு. தண்டு இடம்விட்டு நகராது. மிதவை அலையோடு ஏறி இறங்கும். இரண்டுக்கும் இடையிலான அந்த அசைவு வித்தியாசமே மின்சாரம். உரல் அசையாமல் இருந்து உலக்கை ஏறி இறங்குவது போல.

விழிஞம் பெட்டி அலையை எதிர்த்து நிற்கிறது. அதன் அசையாமைதான் அதன் வேலை. சிந்துஜாவின் பெரும்பகுதி அலையோடு போகிறது. ஒரே ஒரு தண்டு மட்டும் 'நான் வரவில்லை' என்கிறது. அடித்தளம், எடை, செலவு, பராமரிப்பு என்று எதை எடுத்தாலும் வேறுபாடு இங்கிருந்துதான் கிளைக்கிறது.

எதிர்த்து நிற்பவன் சராசரி நாளுக்குச் சம்பாதிக்கிறான், புயல் நாளுக்காகக் கட்டுகிறான். ஒரு மீட்டர் அலைக்காக வைத்த இயந்திரத்தின் மேல் ஆறு மீட்டர் அலை வந்தால், ஒரே அலைக்காலத்துக்கு ஆற்றல் 36 மடங்கு. அந்த ஒரு நாளுக்காகத்தான் மூவாயிரம் டன். நார்வேயின் டோஃப்டெஸ்டாலனில் பாறைச் சுவரோடு பொருத்திய 500 கிலோவாட் கோபுரம் ஒன்று 1985இல் வேலை தொடங்கியது. அதுவும் காற்றறை வகைதான். 1988 டிசம்பர் புயல் அதைப் பிடுங்கிக் கடலில் போட்டது. மிதவைக்கு அந்தச் செலவு இல்லை. ஆனால் அதற்கு வேறு கவலைகள்: பிணைப்பு, அசையும் மூட்டுகள், மேலே படியும் சிப்பியும் பாசியும், பழுது பார்க்க ஒவ்வொரு முறையும் படகு. விழிஞத்தில் பொறியாளர்கள் பாலத்தின் மேல் நடந்து போய் இயந்திர அறையைத் திறந்தார்கள். கடல் கொந்தளிக்கும் நாளில் 6 கிலோமீட்டர் படகில் போய்ப் பாருங்கள், அந்தப் பாலத்தின் அருமை தெரியும்.

சிறிய மிதவையால் எவ்வளவு அலையைப் பிடிக்க முடியும் என்று சந்தேகம் வரலாம். அதன் அகலம் அளவுக்குத்தான் என்று நானும் நினைத்திருந்தேன். அது தவறு. 1975இல் நார்வேயின் பூடாலும் ஃபால்னெஸும் காட்டியபடி, அலையின் தாளத்தோடு சரியாக ஒத்து ஆடும் மிதவை தன் அகலத்தைவிடப் பெரிய அலைமுகத்திலிருந்து ஆற்றலை இழுக்க முடியும். கணக்குப்படி உச்ச வரம்பு, அலைநீளத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. நம் எட்டு நொடி அலைக்கு அது 16 மீட்டர். ஒரு மீட்டர் மிதவையானாலும் வரம்பு அதே 16 மீட்டர்தான்! சிக்கல், ஒத்து ஆடுவதில் இருக்கிறது. ஊஞ்சலைத் தள்ளுகிறவர்களுக்குத் தெரியும், தப்பான நேரத்தில் தள்ளினால் கைதான் வலிக்கும். சிறிய மிதவையின் இயற்கையான ஆட்டம் இரண்டு மூன்று நொடிதான். அலையோ எட்டு நொடி. இந்த இடைவெளியைக் கட்டுப்பாட்டு நுட்பத்தால் நிரப்புவதுதான் உலகெங்கும் மிதவைக்காரர்களின் வேலை. விழிஞத்தில் அதே ஒத்திசைவை அறையின் அளவாலும், இரு பக்கமும் முன்னே நீட்டிய சுவர்களாலும் தேடினார்கள். கான்கிரீட் இறுகிய பிறகு தாளத்தை மாற்ற முடியாது. மிதவைக்கு முடியும்.

எதிர்த்து நிற்பதா, வளைந்து கொடுப்பதா என்ற இந்த வழக்கைச் சென்னை முன்பே பார்த்திருக்கிறது. துறைமுகம் வருவதற்கு முன் மதராஸில் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிடும். ஆளையும் சரக்கையும் உடையும் அலைகளைக் கடந்து கரைசேர்த்தவை மசூலா படகுகள். ஆணி கிடையாது. பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது படகே நெளிந்து கொடுக்கும். ஆணி அடித்த ஐரோப்பியப் படகுகள் பிளந்துபோன இடத்தில் இவை பிழைத்தன. பிறகு 1870களில் அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. 1881 நவம்பர் புயல் அவற்றை உடைத்தது, திரும்பக் கட்டினார்கள், இன்றுவரை நிற்கின்றன. இரண்டு வழியும் வென்றிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் சுவர் வென்றதற்கு விலை கொடுத்தது அடுத்த வீடு. தெற்கிலிருந்து வடக்காக அலைகள் கரையோரம் ஓயாமல் நகர்த்தும் மணல் அந்தச் சுவரில் தடுக்கப்பட்டு, தெற்கே மெரினாவாக விரிந்தது; வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் கரை அரித்துப்போய், கடலோரக் குடியிருப்புகள் பின்வாங்கின. அலையின் ஆற்றலைப் பார்க்க விரும்புகிறவர்கள் மெரினா மணலில் நின்றால் போதும். அத்தனை மணலையும் கொண்டுவந்தது அதுதான். மின்சாரத்துக்காகக் கரை நெடுக வரிசையாகச் சுவர் எழுப்பலாம் என்று யாராவது சொன்னால், முதலில் அவர்களைக் காசிமேட்டுக்கு அழைத்துப்போக வேண்டும்.

எதற்காகக் கட்டினாலும் கட்டித்தான் ஆகவேண்டிய சுவர் என்றால் கதை வேறு. ஸ்பெயினின் முட்ரிகுவில் துறைமுகத்துக்காகக் கட்டிய சுவருக்குள்ளேயே 16 காற்றறைகளை வைத்து, 2011 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். சுவரின் செலவு துறைமுகத்துடையது. அறைகளின் செலவு மட்டும் மின்சாரத்துக்கு. விழிஞத்தில் இப்போது பெரிய சரக்குத் துறைமுகமே வந்துவிட்டது. 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதைக் காக்கும் அலைத்தடுப்புச் சுவர் ஏறத்தாழ 3 கிலோமீட்டர். பழைய கான்கிரீட் பெட்டி நின்ற அதே ஊர். அந்தச் சுவர் கற்களையும் கான்கிரீட் கட்டிகளையும் குவித்து எழுப்பியது; காற்றறை வைப்பதற்கு நேர்ச்சுவர் பெட்டிகள் வேண்டும். அதில் ஒரு சிறு பகுதியாவது அப்படி அமைந்திருந்தால், நம் பொறியாளர்களின் இருபதாண்டு அனுபவத்துக்கு ஒரு தொடர்ச்சி கிடைத்திருக்கும் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

சரி, சென்னைக்கு என்ன? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நெம்மேலியில் 2013இல் தொடங்கிய கடல்நீர்க் குடிநீர் நிலையத்தின் திறன் நாளுக்கு 10 கோடி லிட்டர்; தென்சென்னையில் பல குழாய்களுக்கு அந்தத் தண்ணீர்தான் வருகிறது. இந்த முறையில் ஆயிரம் லிட்டருக்கு மூன்றரை யூனிட் என்று வைத்தால், நாளுக்கு மூன்றரை லட்சம் யூனிட். இரவு பகலாகச் சுமார் 14,600 கிலோவாட். நம் கரைக்கு மீட்டருக்கு 5 கிலோவாட் என்று எடுத்து, அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கினால், மீட்டருக்கு ஒரு கிலோவாட். அப்படியானால் பதினாலரை கிலோமீட்டர் வேண்டும். பெசன்ட் நகரில் தொடங்கி, திருவான்மியூர், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் தாண்டி உத்தண்டி வரை இடைவெளியின்றி இயந்திரம். வழியில் எத்தனை குப்பங்கள், எத்தனை படகுகள் கடலிறங்கும் இடங்கள்! ஒரே ஒரு நிலையத்துக்கு இந்தப் பாடு. மின்கட்டத்துக்கு யூனிட் கணக்கில் மின்சாரம் கொடு என்று நம் கடலைக் கேட்பது கேட்கக்கூடாத கேள்வி என்று நான் முடிவுக்கு வந்தது இந்தக் கணக்கால்தான்.

சிந்துஜாவை வடிவமைத்தவர்கள் கேட்டது சரியான கேள்வி. கம்பி போக முடியாத இடத்தில், கரையிலிருந்து விலகி நிற்கும் எண்ணெய் மேடைக்கும் தகவல் தொடர்புக் கருவிக்கும் காவல் சாதனத்துக்கும் வேண்டியதைத் தருமா என்பதே அவர்கள் பார்க்கும் இலக்கு. அங்கே நூறு வாட் என்பதே பெரிய வரவு. ஒரு மெகாவாட்டையும் எட்ட வேண்டும் என்று அந்தக் குழு அப்போது அறிவித்தது; நான் அந்த நூறு வாட்டையே விரும்புகிறேன். அதே சிறிய வழியில்தான் ஜப்பானின் யோஷியோ மசூடாவும் முன்னோடியானார். உலகில் முதன்முதலில் பரவலாக உழைத்த அலை இயந்திரங்கள் அவருடைய விளக்கு மிதவைகள்.

மசூடா பிற்காலத்தில் வகுத்த ஒரு வடிவம் நம் பக்கத்திலேயே வந்து சேர்ந்திருக்கிறது. எண்ணூரில் காமராஜர் துறைமுகத்துக்கு அப்பால், கப்பல்களுக்கு வழிகாட்டப் பள்ளிக்கரணை நிறுவனம் ஓர் அலை மிதவையை இறக்கியது. அது மிதக்கிறது, சிந்துஜாவைப் போல. வயிற்றில் காற்றறையும் டர்பைனும், விழிஞத்தைப் போல. பின்பக்கமாக வளைந்த குழாய்க்குள் நீர் ஏறி இறங்க, அந்த மூச்சில் டர்பைன் சுற்றி, விளக்குக்கும் கருவிகளுக்கும் மின்சாரம் தருகிறது. ஒப்பிட எடுத்துக்கொண்ட இரண்டும் சென்னைக் கடலில் ஒரே உடம்பில் சேர்ந்திருக்கின்றன. பெரிய மதிலும் இல்லை, மணலுக்குத் தடையும் இல்லை.

கடல் மிதவைகளுக்குச் சூரியத் தகடு போதாதா என்று கேட்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் பட்டினப்பாக்கத்துக்கு வர வேண்டும். வாரக்கணக்கில் வானம் மூடியிருக்கும். வாடைக்காற்று இறங்கி, கடல் ஆண்டிலேயே அதிகமாக எழும்பும். அலை எவ்வளவு உயரம், எத்தனை நொடி என்ற அளவு கட்டுமரக்காரர்களுக்கும் ஃபைபர் படகுக்காரர்களுக்கும் மிக அவசரமாகத் தேவைப்படும் நாட்களும் அவைதான். சூரியன் மறைந்திருக்கும் அந்த வாரங்களில் அளக்கும் மிதவைக்கு வேண்டிய சில வாட் மின்சாரத்தை, அளக்கப்படும் அலையே கொடுத்துவிடும்.